அடுப்பில் உருகும் ஈயச் சொம்பு: கனவின் பொருள் என்ன?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். அம்மா சீராகக் கொடுத்த ஈயச் சொம்பு அடுப்பில் உருகி வழிவதாக இரண்டு மாதங்களாக விடியற்காலையில் கனவு வருகிறது. உருகும் பாத்திரம் குடும்பத்துக்கு ஆகாது, பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடு என்கிறார் நாத்தனார். போட்டுவிடலாமா? கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவும் இப்போதெல்லாம் அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறார். ரசம் வைப்பதையே விட்டுவிட்டார்.

பதில்: போட வேண்டாம். நிறைகுடமும் பொங்கும் பாலும் நல்ல கனவு, உடைந்த பானை கெட்ட கனவு என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது, அந்தப் பாத்திரங்களை நாம் எந்தச் சடங்கில் எப்படிக் கையாள்கிறோம் என்பதோடு ஒட்டியே வருகிறது. மங்கல காரியத்துக்கு நிறைகுடம் வைக்கிறோம். புதுவீட்டில் பால் காய்ச்சுகிறோம். சுடுகாட்டில் குடம் உடைக்கிறோம். ஆண்டாள் கண்ட திருமணக் கனவிலும் பூரண பொற்குடம் இருக்கிறது. பாத்திரத்தையும் அடுப்பையும் கருப்பையின் குறியீடாகக் கொண்ட உளவியலாளர் பிராய்டின் விளக்கம் உங்களுக்குப் பொருந்தும் என்று நான் கருதவில்லை. கனவு கண்டவர் யார், அவருடைய தொழிலும் நிலையும் என்ன என்று கேட்காமல் பலன் சொல்லக் கூடாது என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த கிரேக்கரான ஆர்ட்டெமிடோரஸையே இங்கே பின்பற்றுகிறேன்.

ஆகவே, சொம்பையே பார்ப்போம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எரிவாயுச் சுடரின் வெப்பமோ அதைவிடப் பல மடங்கு அதிகம். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை அது சூட்டை வாங்கிக்கொண்டு சொம்பைக் காக்கிறது. தண்ணீர் வற்றிவிட்டால் பளபளவென்றிருந்த அடிப்பாகம் சற்று நேரத்தில் குழைந்து, பர்னர் மீது வெள்ளித் துளிகளாகச் சொட்டும். முதலில் தண்ணீர், பிறகுதான் அடுப்பு என்று உங்கள் அம்மாவும் சொல்லித்தான் கொடுத்திருப்பார். ரசம் வைக்கத் தெரிந்த வீட்டில் ஈயச் சொம்பு உருகுகிறதென்றால், யாரோ வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்றுதான் பொருள். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, கனவின் பொருள் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. பகலில் ஒதுக்கிவைக்கும் கவலை இரவில் சொம்பாக வருகிறது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற அச்சமும் வேண்டாம். கனவு மிகுந்த கண்ணசைவு உறக்கம் (1953இல் கண்டறியப்பட்டது) இரவின் பிற்பகுதியில்தான் நீள்கிறது. அப்போது விழிப்பதால் கனவு நினைவில் தங்குகிறது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்குப் பயனுள்ள பயிற்சி ஒன்று உண்டு. பகலில் பத்து நிமிடம் அமர்ந்து, கனவின் முடிவை மாற்றி எழுதுங்கள். நீங்கள் சமையலறைக்குள் சென்று அடுப்பை அணைக்கிறீர்கள், சொம்பு முழுதாக இருக்கிறது என்று நாள்தோறும் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். சில வாரங்களுக்குப் பிறகும் உறக்கம் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இவற்றைவிட அவசரமானது கும்பகோணம். இந்த மாதமே சென்று, அம்மாவை நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். மறதிக்குத் தைராய்டு குறைவு, பி12 குறைவு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. எரிவாயு அடுப்புக்குப் பதிலாக, நேரம் வைத்தால் தானாக அணையும் இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கி வைத்துவிட்டு வாருங்கள். அந்த அடுப்பில் ஈயச் சொம்பு சூடாகாது. எனவே அது செம்பூரில் உங்களிடமே இருக்கட்டும்.