வாட்டர் போலோ நடுவர் ஆகணுமா? வடஆற்காட்டு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

குடியாத்தத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கபடிக்கு நடுவராக நின்று பழக்கம் உண்டு. வாட்டர் போலோவுக்கும் (தண்ணீரில் நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) நடுவராக ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

மாநில சங்கத்திலிருந்து. இந்தியாவில் நீச்சல், டைவிங், வாட்டர் போலோ மூன்றுக்கும் இந்திய நீச்சல் சம்மேளனம்தான் பொறுப்பு. நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு ஸ்டேட் அக்வாடிக் அசோசியேஷன். அவர்களுக்குக் கடிதம் எழுதி, நடுவர் பயிற்சி முகாம் வரும்போது தகவல் சொல்லச் சொல்லுங்கள். கடிதம் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட வேண்டாம். பக்கத்தில் எங்கே நீச்சல் போட்டி நடந்தாலும் நேரம் குறிக்கும் வேலைக்குக் கை கொடுங்கள். அடுத்து போலோ ஆட்டத்தில் மேசை வேலை: கடிகாரம், கோல் கணக்கு, யாருக்கு எத்தனை பெரிய ஃபவுல் (ஆட்டக்காரரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பும், அல்லது எதிரணிக்குப் பெனால்டி தரும் தப்பு) என்ற பதிவு. மூன்று பெரிய ஃபவுல் ஆனவர் திரும்ப இறங்க முடியாது என்பதால், அந்தப் பதிவு பிசகினால் ஆட்டமே பிசகும். மேசையில் ஒரு பருவம் உட்கார்ந்தவருக்குப் பாதி விதிகள் படிக்காமலே வந்துவிடும். விசிலை அதற்குப் பிறகு, சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் எடுங்கள்.

கபடி பழக்கம் இங்கே நன்றாகவே உதவும். யார் யாரைப் பிடித்தது, யார் பிடிபட்டதுபோல நடித்தது என்று பார்க்கும் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

எனக்கு நீச்சலே தெரியாது. ஆகலாமா? (ஆரணி வாசகர்)

நடுவர் தண்ணீரில் இறங்குவதில்லை, கரையில்தான் நடக்கிறார். ஆனாலும் கற்றுக்கொண்டு வாருங்கள். ஆழமான குளத்தின் விளிம்பில், ஈரத்தரையில், கண்ணை ஆட்டத்தில் வைத்துக்கொண்டு நடக்கிற வேலை இது. அப்புறம், தரையில் கால் படாமல் மிதந்துகொண்டே ஒருவரைத் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாதவர், எல்லாவற்றுக்கும் விசில் ஊதுவார். நம் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

தண்ணீருக்கு அடியில் உதைக்கிறார்கள், இழுக்கிறார்கள். மேலே நிற்கும் நடுவருக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. எல்லாம் தெரியாது என்பதுதான் உண்மை. நடுவர் பார்ப்பது தோளையும் கையையும். பந்து கையில் இல்லாத ஒருவரின் தோள் திடீரென்று அமிழ்ந்தால் கீழே யாரோ இழுக்கிறார்கள். தடுப்பவர் இரண்டு கையையும் மேலே தூக்கி ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று காட்டினால், அவர் உடம்பு எங்கே சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கோலுக்கு நேர் முன்னால் நிற்கும் சென்டர் ஆட்டக்காரரைச் சுற்றித்தான் முக்கால்வாசி சண்டையும் நடக்கும்.

இதற்காகவே இரண்டு நடுவர்கள், எதிரெதிர்க் கரையில். உங்கள் வலது கைப்பக்க கோலை நோக்கித் தாக்குதல் போனால் நீங்கள்தான் முன்நின்று பார்க்க வேண்டியவர். மற்றவர் கொஞ்சம் பின்னால் நின்று, பந்து இல்லாத இடத்தைக் கவனிப்பார். புதியவர்கள் இருவருமே பந்தைத் துரத்துவார்கள், சென்டரில் நடப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதைவிடக் கஷ்டம், எப்போது விசில் ஊதக்கூடாது என்பது. தடுப்பவர் பிடித்து இழுத்தும், தாக்குபவர் பந்தோடு திமிறிக்கொண்டு கோலை நெருங்குகிறார் என்று வையுங்கள். அந்த நேரத்தில் விசில் ஊதினால் தப்பு செய்தவருக்கே லாபம். அதனால் விதிப்படியே விட்டுவிட வேண்டும். இன்னொரு பக்கம், கோலிலிருந்து 6 மீட்டர் எல்லைக்குள் கோலைப் பார்த்து எறியப்போகிறவரைப் பின்னாலிருந்து பிடித்துத் தடுத்தால் பெனால்டி, 5 மீட்டரிலிருந்து. விடுவதா, பெனால்டியா என்று ஒரு நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். முகாமில் இதைச் சொல்லித்தான் தருவார்கள், கைவருவது குளக்கரையில்தான். வேலூரிலிருந்து இதற்காகவே அவ்வப்போது சென்னை போய் ஆட்டம் பார்க்கச் சொல்வேன். 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகம் இருக்கிறது. காட்பாடியில் காலையில் ரயில் ஏறினால் அன்றைக்கே திரும்பிவிடலாம்.

எவ்வளவு செலவாகும்? எவ்வளவு கிடைக்கும்? (ராணிப்பேட்டை வாசகர்)

பயிற்சி முகாமுக்கும் தேர்வுக்கும் உள்ள கட்டணத்தை அந்தந்த முகாமின் சுற்றறிக்கையில் போட்டிருப்பார்கள். சுற்றறிக்கை கண்ணில் படாமல் பணம் கட்டாதீர்கள். கட்டினால் சங்கத்தின் பெயரில் ரசீது வாங்குங்கள். ‘மூன்றே நாளில் சர்வதேச நடுவர் சான்றிதழ்’ என்று யாராவது வாட்ஸப்பில் விற்றால் ஓடிவிடுங்கள். சர்வதேசப் பட்டியலுக்கு தேசிய சம்மேளனம்தான் உங்கள் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். காசு கொடுத்துக் குறுக்கே நுழைய வழி கிடையாது.

விதிப்புத்தகத்துக்குச் செலவில்லை, நீர் விளையாட்டுகளின் உலக அமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸின் தளத்தில் இலவசம். பட்டாணி (உள்ளே உருளும் சின்ன உருண்டை) இல்லாத விசில் சில நூறு ரூபாய் (ஈரத்தில் பட்டாணி விசில் அடைத்துக்கொள்ளும்). வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வழுக்காத ஷூ. உண்மையான செலவு பயணமும் போகிற விடுமுறை நாளும்தான்.

வரவா? பெரிய போட்டிக்கு அழைத்தால் பயணப்படியும் தினப்படியும் வழக்கம். குடும்பம் நடத்த இதை நம்பாதீர்கள்.

கம்மவான்பேட்டை. கடற்படையில் இருந்தபோது போலோ ஆடியிருக்கிறேன், ஓய்வு பெற்று வந்துவிட்டேன். தாமதமாகிவிட்டதா?

இல்லவே இல்லை. முப்படையினர் ஆடும் சர்வீசஸ் அணி தேசிய அளவில் பலமான அணி. அங்கே ஆடியவருக்கு நான் ஆட்டம் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். 2019-இல் நிறைய மாறியது, அதற்குப் பிறகும் மாற்றம் வந்தது. பந்து கிடைத்த அணி கோலுக்கு எறிய நாம் பழகிய 30 நொடி தாக்குதல் நேரத்தையே சர்வதேச ஆட்டத்தில் குறைத்துவிட்டார்கள். எந்தப் போட்டிக்கு எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள்.

மகன் கலிபோர்னியாவில் படிக்கிறான். அங்கே பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக நின்றால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் தருகிறார்களாம். சேரலாமா? (காட்பாடி)

அங்கே உள்ள முறை வேறு. கிளப் ஆட்டங்களுக்கு, அந்நாட்டுச் சம்மேளனமான யுஎஸ்ஏ வாட்டர் போலோவில் நடுவராக உறுப்பினர் சந்தா கட்டி, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, சிறார் பாதுகாப்பு குறித்த சேஃப்ஸ்போர்ட் ஆன்லைன் பயிற்சியை முடிக்க வேண்டும். பள்ளி, கல்லூரி ஆட்டங்களுக்கு விதிப்புத்தகமும் வேறு, நடுவர்களை அனுப்பும் அமைப்பும் வேறு. சந்தா தனித்தனியாகக் கட்ட வேண்டிவரலாம்.

ஆனால் முதலில் விசாவைப் பாருங்கள். மாணவர் விசாவான எஃப்-1-இல் இருப்பவர் அனுமதி இல்லாமல் கல்லூரி வளாகத்துக்கு வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதும் வேலைதான். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

வேலூர் கோட்டை அகழியில் போலோ நடத்தினால் என்ன?

கோட்டையைப் பாதுகாக்கும் தொல்லியல் துறை உங்களைக் கோர்ட்டுக்கு நடத்திவிடும். அகழிக்குக் கேட்கும் ஆர்வத்தை, 2 மீட்டர் ஆழத்தில் ஒரு குளம் வேண்டும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.