கார்த்திகை மீன்கள் கூட்டமாக இருப்பது ஏன்? கேளுங்கள், சொல்கிறேன்

கே: சார், கார்த்திகையில் 6 மீன்தான் என்று அம்மா சொல்கிறார். என் பையன் 9 எண்ணினேன் என்கிறான். எது சரி?

ப: இரண்டும் சரிதான். ஊர் வெளிச்சத்தில் 6 தெரிந்தாலே பெரிது, நல்ல இருட்டில் இளங்கண்ணுக்கு 9 தெரியும். அங்கே உண்மையில் இருப்பவை ஆயிரத்துக்கும் மேல், சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில். பையனைத் திட்டாதீர்கள்.

கே: அத்தனையும் ஒரே இடத்தில் எப்படி வந்து சேர்ந்தன?

ப: ஒரே மேகத்தில் பிறந்த பிள்ளைகள் அவை. வாயுவும் தூசியுமான அந்த மேகம் மைனஸ் 260 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து கிடக்கும், அந்தக் குளிரில் உள்ளழுத்தம் குறைவு என்பதால் அடர்ந்த பகுதிகள் தம் எடையைத் தாங்காமல் சரியத் தொடங்கும், சரியச் சரியத் துண்டாகும், துண்டுகள் விண்மீன்களாகும். அதில் பெரிய, சூடான நீல மீன்கள் இருக்கின்றனவே, அவைதான் வீட்டைக் கலைப்பவை: புற ஊதாக் கதிராலும் தாம் வீசும் துகள் காற்றாலும் மிச்ச வாயுவை ஊதித் தள்ளிவிடும். வாயு போனால் பிடித்து வைத்திருந்த ஈர்ப்பும் தளரும், பெரும்பாலான கூட்டங்கள் அப்போதே சிதறிவிடும். கார்த்திகை தப்பியது, வயது சுமார் 10 கோடி ஆண்டு. இந்தப் பிரசவத்தை நேரில் பார்க்க ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் வாளில் மங்கலாகத் தெரியும் நடுப்புள்ளிக்குச் சின்ன டெலஸ்கோப்பைத் திருப்புங்கள், நடுவில் 4 குட்டி மீன்கள் நெருங்கி நிற்கும்.

கே: அப்போ படங்களில் கார்த்திகையைச் சுற்றி இருக்கும் நீலப் புகை அந்த மிச்சம்தானே?

ப: நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இல்லை, அது வழியில் குறுக்கிட்ட வேறொரு தூசி மேகம், இவற்றின் ஒளியைச் சிதறடிக்கிறது.

கே: சூரியனுக்குக் கூடப் பிறந்தவை?

ப: இருந்திருக்கும். 460 கோடி ஆண்டில் எங்கெங்கோ போய்விட்டன.

கே: அண்ணா, கையில் 15 ஆயிரம் இருக்கு, எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

ப: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். நான் அவசரப்பட்டு வாங்கிய முதல் டெலஸ்கோப்பின் ஸ்டாண்ட் ஆடிய ஆட்டத்தில் நிலாகூட நிற்கவில்லை, இன்னும் பரணில்தான் இருக்கிறது. ஒரு 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ.) போதும், கார்த்திகைக்கு டெலஸ்கோப்பை விட அதுதான் அழகு. அப்புறம் பக்கத்தில் உள்ள வானியல் கிளப்பில் சேருங்கள். மே மாதம் 9 மணி வாக்கில் தெற்கே தாழ்வாக வரும் ஒமேகா செண்டாரியை, ஒரு கோடி மீன்கள் திரண்ட உருண்டையை, ஜவ்வாது மலையில் ஒரு நண்பரின் 8 அங்குல டாப்சோனியனில்தான் (எளிய பெட்டி ஸ்டாண்டில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப்) முதலில் பார்த்தேன். சர்க்கரை கொட்டின மாதிரி இருந்தது.

கே: வானம் பார்க்க உங்களோடு முதல் தடவை வருகிறேன், என்ன கொண்டு வரணும்?

ப: பாய், ஸ்வெட்டர், சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச். போனைப் பையிலேயே வையுங்கள், கண் இருட்டுக்குப் பழக அரைமணி ஆகும், ஒருவர் திரையைத் திறந்தால் எல்லாரும் திட்டுவோம்.