இரண்டு நிமிடத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 43. பள்ளியில் கணக்கு ஆசிரியை. காட்பாடியில் ஓர் ஓவியரின் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் லைஃப் ஸ்டடி வகுப்புக்கு எட்டு மாதங்களாகப் போய் வருகிறேன். ஒருவரை எதிரே நிற்கவோ உட்காரவோ வைத்து வரைகிறோம். முதல் அரைமணி நேரம் இரண்டிரண்டு நிமிட போஸ்கள். அவற்றில் ஒன்றைக்கூட நான் முடித்ததில்லை. பக்கத்தில் வரையும் கல்லூரிப் பிள்ளைகளின் தாள்களைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா? - ஒரு வாசகி, சத்துவாச்சாரி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். எட்டு மாதங்களுக்கு முன்பு உங்கள் படத்தில் என்ன குறை என்று கேட்டிருந்தால் உங்களால் சொல்லியிருக்க முடியாது. இன்று சொல்ல முடிகிறது. கண் தேறிவிட்டது, கை இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது.

அந்த இரண்டு நிமிடம் படத்தை முடிப்பதற்காகத் தரப்படுவதில்லை. எதிரே நிற்பவரின் உடற்பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே அது தரப்படுகிறது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பவரின் இடுப்பு அந்தப் பக்கம் உயரும், தோள் பெரும்பாலும் அதே பக்கம் தாழும், கழுத்துக் குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பாரம் தாங்கும் காலின் கணுக்காலை ஒட்டி இறங்கும். நம் சிற்பிகள் திரிபங்கம் என்று பெயரிட்டது இந்த வளைவுகளைத்தான். கணக்கு ஆசிரியையான உங்களுக்கு இரண்டு சாய்கோடும் ஒரு செங்குத்துக் கோடும் போடுவதற்கு இரண்டு நிமிடம் தாராளம்.

நான் பழகிய காலத்தில், மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்காக இருபது நிமிடம் நின்றார். நான் பதினைந்து நிமிடத்தை அவர் முகத்துக்கே செலவழித்தேன். தாளில் இடமில்லாமல் படம் முழங்காலோடு நின்றுபோனது. இடைவேளை வந்ததும், திரும்பவும் அதே இடத்தில் நிற்பதற்காக அவருடைய பாதங்களைச் சுற்றி ஆசிரியர் சாக்பீஸால் கோடு போட்டார். பெரியவர் தண்ணீர் குடிக்க நகர்ந்த பிறகு தரையைப் பார்த்தேன். வலது பாதம் விரல்கள் அகன்று முழுதாகப் பதிந்திருந்தது. குதிகால் தூக்கியிருந்த இடது பாதத்துக்கு முன்பாதி மட்டுமே இருந்தது. அவர் நின்ற விதம் முழுவதும் அந்தச் சாக்பீஸ் கோட்டில் இருந்தது. அன்றிலிருந்து நான் பாதத்தில்தான் தொடங்குகிறேன்.

நீண்ட போஸ்களில் அளந்து வரையுங்கள். தெய்வ உருவங்களுக்கு உத்தம தசதாலம் என்று உயரத்தை 124 பங்காகப் பிரிக்கும் கணக்கு ஸ்தபதிகளிடம் உண்டு. வளர்ந்த மனிதருக்கு ஏழரைத் தலை உயரம் என்று ஓவியப் பாடத்தில் சொல்வார்கள். ஆனால் உங்கள் எதிரே முக்காலியில் கூன்போட்டு உட்கார்ந்திருப்பவர் எந்த வாய்பாட்டுக்கும் அடங்கமாட்டார். கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அவர் தலையை அளந்து, மற்ற உறுப்புகளை அதோடு ஒப்பிடுங்கள். முழங்கை மடங்கினால் அளவு கெட்டுவிடும்.

கல்லூரிப் பிள்ளைகளின் தாள்களை வகுப்பு முடிந்த பிறகு பாருங்கள், வரையும்போது வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. வேலூர் வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே ஒருவர் உங்களுக்காக அசையாமல் இருப்பது கடும் உழைப்பு. மின்விசிறி முதலில் அவர் பக்கம் திரும்பட்டும். அவருக்குக் கால் மரத்தால் போஸைக் கலைக்கச் சொல்லுங்கள். அவர் சம்மதமில்லாமல் யாரும் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. அவர் உடம்பு வலிப்பதை உணர்கிறவர்களின் கோட்டில்தான் பாரம் வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வார நாட்களில் பத்து நிமிடம் கிடைத்தால், காட்பாடி சந்திப்பில் பைமேல் சாய்ந்து ரயிலுக்குக் காத்திருப்பவர்களை வரையுங்கள். இரண்டு நிமிடப் பழக்கம் அங்கே கைகொடுக்கும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் குதிரைகளின் பின்னங்கால்களையும், சென்னைக்குப் போனால் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையில் நால்வரின் கால்களையும் நின்று பாருங்கள்.

வரும் ஞாயிறு, முதல் பத்துத் தாள்களில் முகமே வேண்டாம். பாதத்திலிருந்து மேலே ஏறுங்கள். தேதி போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவற்றில் ஒன்றையும் அன்றைய தாள் ஒன்றையும் எனக்கு அனுப்புங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.