சென்சாரை மாற்றும் முன் டேங்கைப் பாருங்கள்

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு நாலு வயது. போன வாரம் நல்ல மழையில், வழியில் இருந்த ஒரு பங்க்கில் டேங்கை நிரப்பினேன். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் வண்டி திக்கித் திணறியது, எஞ்சின் விளக்கும் எரிந்தது. ஸ்கேன் பார்த்த மெக்கானிக், ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்கிறார். மாற்றிவிடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். காலைவரை ஒழுங்காக வேலை செய்த சென்சார், பெட்ரோல் போட்ட பத்தாவது நிமிடம் சாவது அபூர்வம். எனக்குச் சந்தேகம் டேங்கின் மேல்தான்.

இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் கரைந்துபோகும், தெரியவே தெரியாது. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். காரின் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அது சிலிண்டரில் சரியாகப் பற்றாது, மிஸ்ஃபயர் ஆகும். எரிப்பில் செலவாகாத ஆக்சிஜன் அப்படியே புகைக்குழாய்க்கு வரும். அங்கே உட்கார்ந்திருக்கும் சென்சார், ‘ஆக்சிஜன் மிஞ்சுகிறது, பெட்ரோல் போதவில்லை’ என்று கணினிக்குச் சொல்லும். தன் வேலையைத்தான் செய்கிறது, பாவம். பழி மட்டும் அதன் தலையில்.

ஸ்கேனரில் என்ன எண் வந்தது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பி0171 (பெட்ரோல் போதவில்லை), பி0300 (மிஸ்ஃபயர்) என்றால் முதலில் எரிபொருளைப் பாருங்கள். பி0135 என்றால் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு, அது வேறு கதை.

கெட்ட எரிபொருள் சென்சாரையே கொல்வதும் உண்டு. 2007 தொடக்கத்தில் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஆயிரக்கணக்கான கார்கள் இப்படித்தான் படுத்தன. பெட்ரோலில் சிலிக்கான் கலந்திருந்தது. எரியும்போது அது சிலிக்காவாகி, சென்சாரின் முனையில் கண்ணாடிப் பூச்சுபோல் படிந்துவிட்டது. வழக்கமான தரப் பரிசோதனையில் சிலிக்கானை யாரும் தேடுவதில்லை என்பதால் முதலில் பெட்ரோல் ‘நல்லது’ என்றே முடிவு வந்தது. அதே பெட்ரோல் டேங்கில் இருக்கும்வரை புது சென்சார் மாட்டியும் பயன் இல்லை.

ஆகவே சென்சாரைக் கழற்றி முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் சிலிக்கான் சந்தேகம், மாற்றத்தான் வேண்டும். கறுப்பாக இருந்தால் வெறும் புகைக்கரி. பெட்ரோல்-காற்றுக் கலவை சரியானதும் பெரும்பாலும் எரிந்துபோகும்.

அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கண்டிப்பாகக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூட்டில் அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகினால் சென்சாரைவிடப் பல மடங்கு செலவு. டோ செய்து கொண்டுபோய் டேங்கை இறக்கிக் காலி செய்து, லைனைக் கழுவி, பிளக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வேறு பங்க்கில் நல்ல பெட்ரோல் போட்டு, ஸ்கேனரில் வந்த பிழை எண்ணை அழித்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். சென்சாரைக் குறிக்கும் எண் திரும்பி வந்தால் அப்போது மாற்றலாம்.

டேங்கிலிருந்து எடுத்ததில் ஒரு லிட்டரைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் விஷயம் முடிந்தது. பலர் செய்வதுபோல் நீங்களாகத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்காதீர்கள். நல்ல பெட்ரோலில் இருக்கும் எத்தனாலும் அந்தத் தண்ணீரோடு இறங்கி, கலப்படம்போலக் காட்டும். பங்க்கில் கேட்டால் தரும் ஃபில்டர் பேப்பர் சோதனை மண்ணெண்ணெய், டீசல் கலப்படத்துக்குத்தான் கொஞ்சம் உதவும். உங்களுக்கு வேண்டியது, நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட்டை அளவுகோலில் தடவி விட்டுப் பார்க்கும் தண்ணீர்ச் சோதனை. அதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். புகாரை பங்க்கோடு நிறுத்தாமல் எண்ணெய் நிறுவனத்துக்கே எழுதுங்கள். அன்றைய பில் இருக்கிறதா? இல்லையென்றால் கார்டிலோ போனிலோ பணம் கட்டிய நேரமாவது சாட்சியாகும்.