அம்ப்ளிபயரை மாற்ற முதல் சப்வூபர் பெட்டியின் குழாயை அடைத்துப் பாருங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் அல்டோ காருக்கு 12 அங்குல சப்வூபர் (அடித்தொனி ஸ்பீக்கர்) ஒன்றைப் பெட்டியோடு வாங்கினேன். பெட்டி 40 லீற்றர். அதில் 4 அங்குலக் குழாய் வைத்திருக்கிறார்கள், நீளம் 10 சென்ரிமீற்றர்தான். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'பூம்' சத்தம். தவிலின் தொப்பியும் பேஸ் கிற்றாரும் ஒன்றுபோலவே கேட்கின்றன. கடைக்காரர் இன்னும் பெரிய அம்ப் (அம்ப்ளிபயர்) போடச் சொல்கிறார். போடலாமா?"

வேண்டாம் தம்பி. பிழை அம்பில் இல்லை, பெட்டியின் சுருதியில், அதாவது பெட்டிக் காற்றும் குழாயும் சேர்ந்து அதிரும் தொனியில் இருக்கிறது. நீங்கள் தந்த அளவுக்கு அது 60 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட நிற்கும். கைபேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, 80 ஹேர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) ஏறக்குறைய அசையாமல் நிற்கும், குழாய் வாயில் பிடித்த கையில் காற்று அடிக்கும். அதுதான் உங்கள் பெட்டியின் சுருதி. பாட்டில் அந்தத் தொனி வரும்போதெல்லாம் பெட்டி கத்துகிறது.

இந்த 'பூம்' போகச் சுருதியை 34 ஹேர்ட்ஸுக்கு இறக்க அதே குழாய் சுமார் 45 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். உங்கள் பெட்டிக்குள் அது எங்கே போகும்? அதனால் ஒரு பழைய துவாயைச் சுருட்டிக் குழாயை இறுக்கி அடைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் தொப்பி வேறு, கிற்றார் வேறு என்று பிரியும். பிடித்திருந்தால் பலகை வைத்து நிரந்தரமாக மூடிவிடுங்கள். சின்னக் காரின் கதவுகளை அடைத்தால் அடித்தொனியை உள்ளறையே தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டி போதும்.

குழாய்ப் பெட்டி நல்லதாக அமைவது ஒரேயொரு நிலைமையில். ஸ்பீக்கர் செய்தவர்கள் தந்த தாளில் குழாய்ப் பெட்டிக்கான அளவு இருக்க வேண்டும், அந்த அளவுக்கு டிக்கியில் இடம் இருக்க வேண்டும், அம்பில் சப்சொனிக் பில்டரும் (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் திருகு) இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சுருதிக்குக் கீழே உள்ள ஒலி வரும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்து வைக்காது. கோன் நூலறுந்த பட்டம்போல முன்னும் பின்னும் பாயும், கோனோடு ஒட்டிய கம்பிச் சுருளான கொயில் அடியில் மோதும். சுருதி 34 என்றால் பில்டரை 28, 30 அளவில் வையுங்கள். அம்பில் அந்தத் திருகு இல்லையென்றால் தாளும் இடமும் இருந்தும் பயனில்லை, மூடிய பெட்டிக்கே போங்கள்.

புதிதாகச் செய்விப்பதென்றால் தச்சரிடம் உள் அளவைச் சொல்லுங்கள். வெளியே 42 × 36 × 33 சென்ரிமீற்றர் பெட்டி கணக்குக்கு 50 லீற்றர். 18 மில்லிமீற்றர் பலகையைக் கழித்தால் உள்ளே 36.6 தான், ஸ்பீக்கரின் பின்பக்கமும் அதில் இரண்டு மூன்று லீற்றரைப் பிடிக்கும். பலகை மரைன் பிளைவூட்டாக இருக்கட்டும். எங்கள் உப்புக் காற்றுக்கும் மார்கழி மழைக்கும் எம்.டி.எஃப் (மரத்தூள் அழுத்திய பலகை) ஓரங்கள் ஊதிவிடும்.

"கொழும்பில் சொல்லிச் செய்வித்துத் தருகிறேன்" என்று வருபவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: என் ஸ்பீக்கருக்கு எத்தனை லீற்றர்? பதில் சொல்லாமல் டிக்கியை மட்டும் அளந்தால் அனுப்பிவிடுங்கள். அவர்களுக்குக் கொமிசன்தான் கணக்கு. நிலாவெளியிலிருந்து என்னிடம் வந்த ஒரு பெட்டியில் மூலைக்குப் பசையே போடவில்லை, வெறும் ஆணி. வெளியே மட்டும் வெல்வெற் துணி.

அம்பின் மேல் 2000 வோட்ஸ் என்று அடித்திருக்கும். பக்கத்தில் இருக்கும் பியூஸைப் பாருங்கள்: 30 அம்பியர். 14 வோல்ட்டைப் பெருக்கினால் 420. அதற்கு மேல் தொடர்ந்து உள்ளே போகவே வழியில்லை, அதிலும் ஒரு பங்கு சூடாகப் போகும். இந்த எண்ணை ஏன் அடித்தாய் என்று கடையில் ஒருவரும் கேட்பதில்லை. பொட்டிக் கடையில் பருப்பை நிறுத்து வாங்கும் சனம் இதை நம்பிக் காசு கொடுக்கிறது.

சரி, குழாயை அடைத்த பிறகு அம்பில் லோ பாஸை (மேல் ஒலிகளை வெட்டும் திருகு) 80-இல் வைத்து, பேஸ் பூஸ்டை (அடித்தொனியை ஏற்றும் திருகு) முழுதாகக் குறைத்துவிடுங்கள். ரேடியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, கெயினை (அம்பின் உள்வரும் ஒலி அளவுத் திருகு) ஒலி உடையத் தொடங்கும் வரை ஏற்றிக் கொஞ்சம் இறக்குங்கள். பிறகு அம்பை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் ஒருமுறை மாற்றிப் பூட்டி, ஓட்டுநர் இருக்கையில் இருந்து கேளுங்கள். எப்படிப் பூட்டும்போது நிறைவாகக் கேட்கிறதோ அப்படியே விடுங்கள்.