டேங்க் நிரம்பாமலே கன் கட் ஆகிறதா? கேள்விகளும் பதில்களும்

பெட்ரோல் போடும்போது பாதி டேங்கிலேயே கன் ‘டக்’கென்று நின்றுவிடுகிறது என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். சிலருக்கு பங்க் மேல் சந்தேகம். சிலரிடம் டேங்கையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சேலம்: அண்ணா, என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். கொஞ்ச நாளாக ஒரு லிட்டர் போவதற்குள் கன் கட் ஆகிறது. பங்க்கில் இருப்பவர் கன்னைப் பாதி வெளியே இழுத்துப் பிடித்து மெதுவாக விட்டால்தான் இறங்குகிறது. பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். என்ன கோளாறு?

தம்பி, முதலில் அந்தக் கன் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் சென்சார், கரண்ட் எதுவும் கிடையாது. கன் மூக்கின் நுனியில், உள்பக்கமாகப் பார்த்தால் சின்னதாக ஒரு துளை தெரியும். பெட்ரோல் ஓடுகிற வேகம் அந்தத் துளை வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மேலே ஏறி வந்து துளையை மூடினால் காற்று வராது. உள்ளே வெற்றிடம் உண்டாகி டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வை இழுக்கும், லிவர் விடுபட்டு ஓட்டம் நின்றுவிடும். டேங்க் நிரம்பிவிட்டதா என்று கன்னுக்குத் தெரியாது. மூக்கு வரைக்கும் பெட்ரோல் வந்துவிட்டதா என்பது மட்டும்தான் தெரியும்.

டேங்க் காலியாக இருக்கும்போதே பெட்ரோல் மூக்கு வரைக்கும் ஏறி வருவானேன்? உள்ளே இருக்கிற காற்று வெளியேறவில்லை, அதனால்தான். நிமிஷத்துக்கு 40 லிட்டர் வேகத்தில் பெட்ரோல் போனால், அதே 40 லிட்டர் காற்று அந்த நிமிஷத்துக்குள் வெளியே வந்தாக வேண்டும். வாய் குறுகிய குடத்தை ஆற்றில் அமுக்கினால் தண்ணீர் குபுக் குபுக்கென்று எதிர்த்துக்கொண்டு வருமே, உங்கள் டேங்கிலும் அதுதான் நடக்கிறது. மெதுவாக விட்டால் இறங்குகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். வழி முழுசாக அடைபடவில்லை, குறுகிப்போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

காற்று வெளியேற இரண்டு பாதைகள் உண்டு. பெட்ரோல் இறங்கும் பெரிய குழாயை ஒட்டியே ஒரு மெல்லிய ஓஸ் மேலே வாய் வரைக்கும் வரும், அது ஒன்று. டேங்க் மேலிருக்கும் வால்விலிருந்து, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய டப்பாவான கேனிஸ்டருக்குப் போகும் ஆவிக்குழாய் இன்னொன்று. கேனிஸ்டரின் மறுமுனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். இந்த இரண்டில் எங்கேயோ மடிப்பு, அழுக்கு, இல்லையென்றால் ஒட்டிக்கொண்ட வால்வு.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் செலவில்லாமல் இரண்டு காரியம் செய்யுங்கள். வேறு பங்க்கில், வேறு கன்னில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இறங்கினால் கோளாறு உங்கள் வண்டியில் இல்லை. அங்கேயும் நின்றால், கன்னை முழுசாக உள்ளே விட்டு, கைப்பிடியைக் கால் சுற்று திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். சில வண்டிகளில் குழாய் வளைவில் மோதித் தெறிக்கும் பெட்ரோலே அந்தத் துளையை மூடிவிடும். திருப்பினால் சரியாகிறது என்றால் இப்போதைக்கு அப்படியே ஓட்டலாம். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

சேலம் (அதே நண்பர்): மெக்கானிக் டேங்க் மாற்ற வேண்டும் என்கிறாரே?

அவசரப்பட வேண்டாம். டேங்க் மாற்றுவது கடைசி வேலை. முதலில் பின்சக்கரத்தின் உள்பக்க பிளாஸ்டிக் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். பெரிய குழாயும் சின்ன ஓஸும் அங்கேதான் தெரியும். சின்ன ஓஸை விரலால் முழு நீளமும் தடவிப் பார்த்தால் மடிப்போ நசுங்கலோ கையிலேயே பிடிபடும். வருஷக்கணக்கான ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கும். அதனால் கிளிப்பைக் கழற்றி உள்ளேயும் பார்க்க வேண்டும்.

அது சரியாக இருந்தால் அடுத்தது கேனிஸ்டர். சில வண்டிகளில் அது டேங்க் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் எஞ்சின் அறையில். கழற்றிக் கையால் அடிக்கும் பம்ப்பால் காற்று விட்டால் தடையில்லாமல் மறுபக்கம் வர வேண்டும். உலுக்கும்போது கரித்தூள் கொட்டினாலோ, கனமாகப் பெட்ரோல் ஊறியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். இதுவும் நன்றாக இருந்தால்தான் டேங்க் மேலிருக்கும் வால்வையும், குழாய் டேங்கில் சேரும் இடத்தில் உள்ள ஸ்பிரிங் மடலையும் சந்தேகப்பட வேண்டும். அதற்கு டேங்கை இறக்கியாக வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கம்ப்ரஸர் காற்றை டேங்குக்குள் அடிக்க யாரையும் விடாதீர்கள். வால்வு கிழியும், டேங்க் உப்பும், ஆவி முழுக்க வெளியே கிளம்பும். ஓஸை வாயால் உறிஞ்சுவதும் கூடாது. இந்த வேலை திறந்த இடத்தில், எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டியது.

தூத்துக்குடி: சார், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கார் பாதி முழுகியது. எஞ்சின் வேலையெல்லாம் முடிந்து நன்றாக ஓடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு பெட்ரோல் நிரம்புவதே இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் எஞ்சின், ஒயரிங், சீட் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், கேனிஸ்டரை மட்டும் விட்டுவிடுவார்கள். அதன் காற்றுக்குழாய் பல வண்டிகளில் அடிப்பாகத்திலேயே திறந்திருக்கும். சேற்றுத் தண்ணீர் அதற்குள் புகுந்து வற்றும்போது வண்டல் கெட்டியாகப் படிந்துவிடும். முனையில் உள்ள சின்ன ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், காய்ந்த களிமண் அப்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபில்டரையும் கேனிஸ்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கழுவிக் காயவைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நனைந்து சேறு ஏறிய கரியை நம்ப முடியாது.

கோவை: அடியில் துருப்பிடிக்காமல் இருக்க கோட்டிங் அடித்தேன். மறுவாரமே இந்தப் பிரச்சினை. சம்பந்தம் இருக்குமா?

நிச்சயமாக இருக்கும். ஸ்பிரே அடிக்கும்போது காற்றுக்குழாய் முனையை டேப் ஒட்டி மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால் கறுப்பு ரப்பர் பூச்சு அதை அடைத்துவிடும். அடித்த இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். குண்டூசி விட்டுக் குத்திச் சரிசெய்ய விடாதீர்கள், அந்த முனையைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி: தோட்டத்து ஷெட்டில் நிற்கிற கார். குளவி கூடு கட்டி அடைத்திருக்கும் என்கிறார் டிரைவர். நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். உங்கள் டிரைவர் விவரமான ஆள். மண்குளவிக்குப் பென்சில் கனத்தில் ஒரு துளை கிடைத்தால் போதும். பூச்சி அடைப்பது ஒன்றும் புதிதும் இல்லை. 2011-ல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 52,000 மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே ஒரு சிலந்திதான். மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று கேனிஸ்டரின் காற்றுக்குழாய்க்குள் வலை பின்னிவிட்டது. பெட்ரோல் வாசனைக்கு அது வருகிறது என்று அப்போது சொன்னார்கள். காற்று உள்ளே போக முடியாமல் டேங்க் உள்வாங்கி விரிசல் விடும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு என்பதுதான் பயம். 2014-ல் அதே காரணத்துக்காக இன்னொரு 42,000 கார்களை அழைத்தார்கள்.

இதில் உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. அடைப்பு காற்றை வெளியேதான் விடாது என்று நினைக்காதீர்கள். ஓடும்போது பெட்ரோல் குறையக் குறைய காற்று உள்ளேயும் போக வேண்டும். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று பலமாகச் சத்தம் வருகிறதா, அதுவும் காற்றை உள்ளே இழுக்கிற மாதிரி? அப்படியென்றால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் லேசாக ஆவி வெளியேறும் சத்தம் சாதாரணம்.

மதுரை: என்னுடையது டீசல். நுரை பொங்கித்தான் கட் ஆகிறது.

டீசலுக்கு நுரைக்கிற குணம் உண்டு. லாரிக்குப் போடும் அதிவேக கன்னில் போடாமல், கார் பக்கத்துக் கன்னில் நிதானமாகப் போடச் சொல்லுங்கள். நுரை அடங்க அரை நிமிஷம் விட்டு மறுபடி போட்டால் இறங்கும். மெதுவாகப் போட்டும் எதிர்த்தால், மேலே சொன்ன சின்ன ஓஸைப் பாருங்கள்.

திருச்சி: ஃபுல் டேங்க் அடித்தாலும் முள் முக்காலைத் தாண்டுவதில்லை. டேங்க் நிரம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை, உங்களுடையது வேறு பிரச்சினை. கன் சரியான நேரத்தில்தான் நிற்கிறது, எத்தனை லிட்டர் போனது என்ற கணக்கும் ஒத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முள்ளுக்கு அளவு சொல்லும், டேங்குக்குள் இருக்கும் மிதவையின் கை வளைந்திருக்கலாம், அல்லது அது உரசும் தகடு தேய்ந்திருக்கலாம். பல வண்டிகளில் பின்சீட்டைத் தூக்கினாலே அந்த இடம் வந்துவிடும்.

ஒன்று கேட்கிறேன், வேகத்தடையில் அடிப்பாகம் பலமாக இடித்ததா? டேங்கின் அடி உள்ளே தள்ளியிருந்தால் மிதவை தட்டும், கொள்ளளவும் குறையும். டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வேலூர்: கையேட்டில் 37 லிட்டர் என்று இருக்கிறது. பில்லில் 40 லிட்டர். பங்க்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது ஐயா. 37 என்பது பாதுகாப்பாக நிரப்ப வேண்டிய அளவு. ஆவி விரிவதற்காக டேங்கின் மேல்பகுதியில் இடம் விட்டிருப்பார்கள், கழுத்துக் குழாய் வேறு இருக்கிறது. கட் ஆன பிறகும் அமுக்கி அமுக்கி விட்டால் இந்த இடமெல்லாம் நிரம்பிவிடும்.

சந்தேகம் இருந்தால் அங்கேயே தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கேன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அதில் ஊற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறையில் புகார் கொடுங்கள்.

சென்னை: தம்பி, ரவுண்டாக வரட்டும் என்று கட் ஆன பிறகும் போடுவது என் வழக்கம். இப்போது பெட்ரோல் போட்ட உடனே வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, செக் எஞ்சின் லைட்டும் எரிகிறது.

அக்கா, அந்த வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். மேலே விட்ட இடமும் நிரம்பிவிட்டால் ஆவி போக வேண்டிய பாதையில் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்விடுகிறது. அந்தக் கரி ஆவியைப் பிடித்து வைத்து, பிறகு எஞ்சினுக்கு எரிக்கக் கொடுப்பதற்கானது. பெட்ரோலில் ஊறினால் அதற்கு மேல் பயன்படாது. போட்ட உடனே திணறுவதால், கேனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு ஆவியைத் திறந்துவிடும் பர்ஜ் வால்வையும் சந்தேகப்படுகிறேன். மூட வேண்டிய நேரத்தில் அது திறந்தே கிடந்தால், நிரப்பும்போது கிளம்பும் ஆவி நேராக எஞ்சினுக்குப் போய், ஸ்டார்ட் ஆக விடாது. ஸ்கேனரில் பி0440-லிருந்து தொடங்கும் வரிசையில் கோட் வந்தால் இந்தப் பகுதிதான். வால்வைத்தான் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். பொதுவாகக் கேனிஸ்டரைவிட விலை குறைவு, மாற்றுவதும் சுலபம்.

ஈரோடு: வெயில் காலத்தில் ஃபுல் டேங்க் அடித்தால் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பொய். இந்தியன் ஆயில் நிறுவனமே இதை மறுத்து விளக்கம் கொடுத்திருக்கிறது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு விரிவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். 40 லிட்டர் 15 டிகிரி சூடேறினால் கூடுவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். விட்டிருக்கும் இடம் அதற்குத் தாராளமாகப் போதும். கன் தானாக நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள், சித்திரை வெயிலிலும் ஃபுல் டேங்க் அடிக்கலாம்.

நாகர்கோவில்: நிரப்பும்போது பின்சக்கரத்துப் பக்கம் கீழே சொட்டுகிறது. கன்னும் கட் ஆகிறது. ஓட்டலாமா?

ஓட்ட வேண்டாம். கடலோரக் காற்றில் இரும்புக் கழுத்துக் குழாய், மண் படியும் கிளிப் இடத்தில் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கலாம், ரப்பர் ஓஸ் வெடித்திருக்கவும் கூடும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது டோ செய்துகொண்டு போங்கள். அதுவரை மூடிய கராஜில் நிறுத்தாதீர்கள், பக்கத்தில் அடுப்போ பூஜை விளக்கோ இருக்கக் கூடாது. எம்-சீல் வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், குழாயையே புதிதாகப் போடச் சொல்லுங்கள்.