நகையை அடகு வைக்கும் முன் பிசிடி-01 போடுங்கள்

சென்ற சனிக்கிழமை திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம், மகளின் மேல்படிப்பு பற்றி யோசனை கேட்க என்னிடம் வந்திருந்தது. அப்பா கட்டிங் மாஸ்டர். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். மகள் பிகாம் சிஏ முடித்திருக்கிறாள். கூடவே பெரியப்பாவும் வந்தார். பேச்சைத் தொடங்கியவரும் முடித்தவரும் அவர்தான்.

பிகாம் சிஏ என்பதில் இருக்கும் சிஏ, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆனால் அதை ஆடிட்டர் ஆவதற்கான சிஏ, அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி என்று எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் நடுவில் மூன்று வருடமாக "பொண்ணு சிஏ படிக்குது" என்றே பேச்சு ஓடியிருக்கிறது. அதைக் காப்பாற்றவே கல்லூரிக்கு நடுவில் இரண்டு முறை சிஏ படிப்பின் முதல் கட்டத் தேர்வான பவுண்டேஷன் எழுத வைத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் தேறவில்லை. இப்போது பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் பவுண்டேஷன் இல்லாமலே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். பாப்பாவுக்கு 61 இருக்கிறது. கோயம்புத்தூரில் கோச்சிங், ஹாஸ்டல். பணத்துக்கு அம்மாவின் ஆறு பவுன் சங்கிலி.

"நகை போனா போவுதுங்க. பாப்பா நல்லா வந்திருவாளாங்க?" என்று அந்த அம்மா கேட்டார். நான் தைரியம் சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு யோசித்தபோது, அந்தக் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது. அவர்கள் சம்மதத்தோடு அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

அம்மா, சங்கிலியை அடகு வைக்காதீர்கள். அதற்கு முன் பிசிடி-01 என்ற ஜிஎஸ்டி படிவத்தைப் போடுங்கள். அது என்னவென்று கீழே சொல்கிறேன்.

சிஏ தரமான படிப்பு. அதை முடித்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் தகுதி இருப்பதும் விருப்பம் இருப்பதும் ஒன்றல்ல. நீங்கள் மூவரும் வெளியே டீ குடிக்கப் போயிருந்தபோது பாப்பாவிடம் தனியாகக் கேட்டேன். "மறுபடி அந்த ஹால்ல போய் உக்காரணும்னு நெனச்சாலே வயித்தப் பெரட்டுதுங்க" என்றாள். இதைச் சோம்பேறித்தனம் என்று பெரியப்பா சொல்லக்கூடும். ஆனால் காலையில் கல்லூரிக்குப் போய், மதியம் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய பெண் அவள். சோம்பேறிப் பிள்ளை ஒரு வருடம் அப்படி ஓடாது.

அந்த ஆபீசில் என்ன செய்கிறாய் என்றும் கேட்டேன். அதுவரை தலை நிமிராதவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு ஸ்டிச்சிங் யூனிட்டுக்கு வந்த சாயப்பட்டறை பில் ஒன்று, அந்த யூனிட்டின் கொள்முதல் பில்களை இணையதளம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வரவில்லையாம். மூன்று நாள் தேடியிருக்கிறாள். சாயப்பட்டறைக்காரர்கள் தங்கள் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலில் இந்த யூனிட்டின் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் வேறொரு யூனிட்டின் எண்ணைப் போட்டிருந்தார்கள். இவளே போன் செய்து சொல்லி, அடுத்த மாத ரிட்டர்னில் திருத்த வைத்து, அந்த யூனிட்டுக்கு வரவேண்டிய உள்ளீட்டு வரி வரவை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகையை, வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த தெளிவை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

எம்பிஏ, பேங்க் பரீட்சை, டிஎன்பிஎஸ்சி பற்றி நான் எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை. பெரியப்பாவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அவர் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: ஜிஎஸ்டி பிராக்டிஷனர். வணிகர்களுக்காக ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்க அரசிடம் பதிவு பெற்றவர்.

மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017-இன் 48-ஆம் பிரிவும், அதன் விதிகளில் 83-ஆவதும் இந்தத் தொழிலுக்கு இடம் கொடுக்கின்றன. இந்தியக் குடிமகனாக, மனநலம் சரியாக உள்ளவராக, திவாலானவர் என்று அறிவிக்கப்படாதவராக, குற்றத் தண்டனை பெறாதவராக இருக்க வேண்டும். படிப்புத் தகுதிகளில் ஒன்று: வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் இவற்றில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம். பிகாம் சிஏ வணிகவியல் பட்டம்தான்; சந்தேகமே வேண்டாம். இன்ஜினியரிங் முடித்தவருக்கும் பிஎஸ்சி முடித்தவருக்கும் அந்தப் பட்டத்தை வைத்து இந்தக் கதவு திறக்காது. மூன்று வருடம் படித்த படிப்புக்கு நேராகக் கிடைக்கும் உரிமை இது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் ஜிஎஸ்டி பிசிடி-01. ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவு செய்யும் இடத்தில் ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்று தேர்வு செய்து தொடங்க வேண்டும். மாநிலம், மாவட்டம், பான் எண், மின்னஞ்சல், செல் எண் கொடுத்தால் இரண்டுக்கும் ஓடிபி வரும். பிறகு டிஆர்என் என்ற தற்காலிக எண் கிடைக்கும். 15 நாளுக்குள் மீதியை நிரப்பி அனுப்பிவிட வேண்டும். அதனால் காகிதங்களைத் தயார் செய்த பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பட்டச் சான்றில் பெயருக்கு முன் ஓர் எழுத்துதான் இருக்கும். பான் கார்டில் அந்த எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். விண்ணப்பத்தில் பெயர் பான் கார்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே மேசையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆதாரில் இருக்கும் செல் எண் இப்போது கையில் இருக்கும் எண்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார் ஓடிபி வழியாகவே கையொப்பமிடலாம் என்பதால், டிஜிட்டல் கையொப்பத்துக்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது தொழில் முகவரி. நீங்கள் இருப்பது லைன் வீடு. கரண்ட் பில் ஹவுஸ் ஓனர் பெயரில் வரும். வாடகை ஒப்பந்தமும் ஓனரிடம் ஒரு சம்மதக் கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவரியே போதும், இப்போதைக்குக் கடை பிடிக்க வேண்டாம். தேர்ச்சிச் சான்றோ பட்டச் சான்றோ ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். பதிவு அதிகாரி மத்திய அரசா மாநில அரசா என்று ஒரு கேள்வி வரும். எது எடுத்தாலும் வேலை ஒன்றுதான். அதிகாரி பார்த்துத் தகுதி சரி என்றால் பிசிடி-02 என்ற சான்றிதழ் வரும். ரத்து செய்யப்படும்வரை அது செல்லும். தமிழ்நாட்டில் பதிந்தவர் எல்லா மாநிலத்திலும் பதிந்தவராகவே கருதப்படுவார்.

இந்த விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் கிடையாது. "லைசென்ஸ் எடுத்துத் தர்றோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வதும் இதே படிவத்தை நிரப்புவதுதான். ஓடிபியும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

பட்டத் தேர்வில் தேறியதோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விதி 83ஏ-படி, பதிவு பெற்ற 2 ஆண்டுக்குள் நாசின் என்ற மத்திய அரசு நிறுவனம் நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்விகள், எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பவை. இரண்டரை மணி நேரம், மொத்தம் 200 மதிப்பெண், 100 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அந்த 2 ஆண்டுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், ஒவ்வொரு முறையும் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது சுமை, நியாயமும் இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஆபீசில் தினமும் புழங்கும் சொற்கள்தான் அதில் வரும். உள்ளீட்டு வரி வரவைப் பற்றிய 16, 17-ஆம் பிரிவுகள், பில் பற்றிய 31, மதிப்பு பற்றிய 15. இவற்றை இப்போதிருந்தே ராத்திரி ஒரு மணி நேரம் படிக்கட்டும். சட்டமும் விதிகளும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன, கோச்சிங் வேண்டாம். அறிவிப்பு எப்போது வருகிறது என்று நாசின் தளத்தையும் ஜிஎஸ்டி தளத்தையும் அவளே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி வேலை. மாதாந்திர, காலாண்டு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம், வரி கட்டலாம், சரக்கு வண்டியில் போவதற்கான இ-வே பில்லுக்கு விவரம் கொடுக்கலாம். ரீபண்ட் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு வணிகரிடம் இணையதளமே உறுதி கேட்கும். அதிகாரி முன்பு வணிகருக்காக ஆஜராகவும் முடியும்.

உங்கள் ஊருக்கென்றே எழுதியதுபோல அந்தப் பட்டியலில் இன்னொன்று இருக்கிறது: ஐடிசி-04 என்ற படிவம். நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி டையிங், காம்பாக்டிங் போகிறது. பிறகு கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒவ்வொரு இடத்துக்கும் சரக்கு டிசி (டெலிவரி சலான்) போட்டு, கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க்காகப் போய் வருகிறது. 143-ஆம் பிரிவின்படி அனுப்பிய மூலப்பொருள் ஓர் ஆண்டுக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது ஜாப் ஒர்க் இடத்திலிருந்தே முறைப்படி விற்பனையாகிவிட வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி, வரியும் வட்டியும் வந்து நிற்கும். இந்த டிசி விவரங்களைத்தான் ஐடிசி-04-இல் கொடுக்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் வருடத்துக்கு 2 முறை, இல்லாவிட்டால் ஒரு முறை. கட்டிங் டேபிளைச் சுற்றி வளர்ந்த பிள்ளைக்கு எந்தத் துணி எங்கே போய் எத்தனை உருப்படியாக வரும் என்று தெரியும். வெளியூரில் படித்து வந்தவருக்கு அதைப் புரியவைக்கவே ஆறு மாதம் ஆகும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று ஆனது. அதற்கு முன் 5 சதவீதம் 1,000 ரூபாய் வரைதான். இப்படி மாறும்போதெல்லாம் சிறு கம்பெனிக்காரர் யாரையாவது தேடி ஓடுகிறார். கணக்கும் தெரிந்து, பக்கத்துத் தெருவிலேயே இருக்கும் ஒருவர் அவருக்குத் தேவை.

பாப்பாவுக்கு ஒரு வார்த்தை. கண்ணு, வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை வாங்கி நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உனக்கு வேண்டாம். அவர் தன் கணக்கில் நுழைந்து உன்னைத் தன் பிராக்டிஷனராக நியமிக்கலாம், பிசிடி-05 அதற்குத்தான். நீ ஏற்றுக்கொண்டதும் உன் சொந்த லாகினிலேயே வேலை செய்யலாம். அவர் விரும்பும்போது விலக்கிக்கொள்ளலாம். விவரம் சரியாக இருக்கும் பொறுப்பு சட்டப்படி வணிகருடையதே, ஆனால் கவனத்தோடு தயாரிக்கும் கடமை உன்னுடையது. முறைகேடு நிரூபணமானால் விசாரித்து உன்னைத் தகுதிநீக்கம் செய்ய முடியும். போலி பில்லுக்கு வரவு எடுத்துக் கொடு என்று யார் கேட்டாலும், சொந்தக்காரரே கேட்டாலும், அந்தக் கணக்கையே விட்டுவிடு. இப்போது வேலை செய்யும் ஆபீசின் வாடிக்கையாளர்களை இழுக்காதே. பதிவு எடுக்கப் போவதை அந்த ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

பெரியப்பாவுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. "ஆடிட்டர்னு போர்டு மாட்டுனாத்தான் மரியாதைங்க" என்றீர்கள். ஐயா, அவள் போர்டில் ஜிஎஸ்டி பிராக்டிஷனர் என்றுதான் எழுத வேண்டும். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை சிஏ முடித்தவர்களுக்கே. அது வேறு தொழில், இது வேறு தொழில். அவளுக்கே என்றாவது சிஏ எழுதத் தோன்றினால் அப்போது எழுதட்டும். இதனால் அந்த வழி அடைபடாது. உங்கள் தம்பி வீட்டின் ஆறு பவுனை, அவள் வேண்டாம் என்று சொல்லும் ஒன்றுக்குச் செலவழிக்கும் முடிவை மட்டும் நீங்கள் எடுக்கக் கூடாது.

பணக் கணக்கையும் மறைக்க மாட்டேன். முதல் வருடம் இதை மட்டும் நம்பி வீடு ஓடாது. ஆபீஸ் சம்பளத்தை விடக் கூடாது. மாதம் 1,000 ரூபாய் தரும் 15 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 15,000 ஆகிறது. அந்த 15 பேரைச் சேர்க்க ஒன்றரை வருடம்கூட ஆகலாம். மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி என்று கெடு இருப்பதால், அந்த நாட்களில் கல்யாணம், காதுகுத்து என்று அவளைக் கூப்பிட்டால் வர முடியாது. வீட்டில் எல்லாரும் அதற்குப் பழக வேண்டும். செலவு என்று பார்த்தால் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய லேப்டாப், இணைய இணைப்பு, தேர்வுக் கட்டணம். வேறெதுவும் வாங்காதீர்கள்.

அம்மா, அடுத்த சனிக்கிழமை மதியம் பாப்பாவை அனுப்புங்கள். பான் கார்டு, ஆதார், பட்டச் சான்று, போட்டோ, வாடகை ஒப்பந்தம், ஓனர் கடிதம், ஆதாரோடு இணைந்த செல்போன். படிவத்தை அவளே நிரப்பட்டும், நான் பக்கத்தில் இருப்பேன். பெரியப்பாவும் வரலாம். கோயம்புத்தூர் கோச்சிங் சென்டருக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தால் ரசீதையும் கொண்டு வாருங்கள். திரும்ப வாங்குவதற்கான கடிதத்தையும் அன்றே எழுதிவிடலாம்.